வெறும் ஜெல் வரைந்த வட்டம்

1

இந்தக் கதை அக்கா சொல்லி எனக்குக் கிடைக்கவில்லை. அத்தான் சொல்லிக் கிடைத்தது. அவரும் இதைக் கதையாகச் சொல்லவில்லை, கேலியாகத்தான் சொன்னார்.

ஒரு மாலை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் சமையலறை மேசையில் இடது கையை நீட்டிப் போட்டுக்கொண்டு, வலது கையால் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். இடது முன்கை முழுக்கக் கட்டு. அவருக்குப் பேக்கரியில் வேலை. அடுப்பிலிருந்து தட்டை இழுக்கும்போது அது சரிந்து கையில் விழுந்துவிட்டது. படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது.

“வாங்க எழுத்தாளரே,” என்றார். “உங்க அக்கா உள்ள அழுதுக்கிட்டிருக்கா. ஏன்னு கேளு.”

“ஏன் அத்தான்?”

“மருந்தே போடாத ஜெல், கிருமியைக் கொன்னுடுச்சாம்.”

“நல்லதுதானே?”

“நானும் அதைத்தான் கேட்டேன். கதவைச் சாத்திக்கிட்டா.”

நான் மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளுகிறவள். அவற்றில் யாராவது காரணம் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அடுத்த நானூறு பக்கமும் அந்தக் கதவைப் பற்றியே இருக்கும். வெறுங்கை முழம் போடுமா என்று கேட்பார்கள். இங்கே வெறும் ஜெல் முழம் போட்டுவிட்டது, அதைச் செய்தவளோ அழுகிறாள். வெண்ணெய் ரொட்டியைக் கடித்துக்கொண்டே எழுதுவதென்று முடிவு செய்தேன்.

2

முதல் தொடக்கம் இது:

‘மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. விஞ்ஞானி கையில் ஆறிப்போன காப்பியுடன் பரிசோதனைக்கூடத்தின் சன்னலோரம் நின்று, மனித குலத்தின் எதிர்காலத்தை—’

(அக்கா படித்தாள். “லேபுக்குள்ள காப்பி கொண்டுபோகக் கூடாதுடீ,” என்றாள். “அந்த சன்னல் வழியா பக்கத்துக் கட்டடத்து ஏசி பெட்டிதான் தெரியும்.” மனித குலத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்:

‘கிருமிகள் நமக்கு மூத்தவை. நாம் பிறப்பதற்கு முன்பே அவை—’

(இதை அத்தான் படித்தார். “பரீட்சைக்கு வருமா?” என்று கேட்டார்.)

மூன்றாம் தொடக்கத்தில் அலங்காரம் எதுவும் இல்லை. இனி வருவது அதுதான். இதில் அக்காவை ‘அவள்’ என்று எழுதுகிறேன். அக்கா என்று எழுதினால் கை அவள் பக்கமே சாய்கிறது.

3

அவள் வேலை செய்யும் அறையில் குளிர்பதனப் பெட்டி ஓயாமல் முனகிக்கொண்டிருக்கும். அதன் கதவில் ‘சாப்பாடு வைக்காதீர்கள்’ என்று ஒட்டியிருக்கும். கிருமி வளர்க்கும் வெப்பப் பெட்டியைத் திறந்தால், ஈரத்துணியை மடித்து மறந்துவிட்ட அலமாரியின் மணம் வரும். அவளுக்கு அது பழகிவிட்டது. வீட்டில் மாவு மணம், வேலையில் இந்த மணம். இரண்டும் ஏதோ வளர்வதன் மணம் என்பாள்.

அவள் செய்வது ஜெல். தண்ணீரைப் பிடித்து நிறுத்தும் வலை என்று அதைச் சொல்லலாம். புரத இழைகளைத் தண்ணீரில் கரைத்து, அந்த இழைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போடும் ஒரு ரசாயனத்தை ஊற்றினால், நீராக இருந்தது தொட்டால் நடுங்கும் கட்டியாகிவிடும். அந்த வலைக்குள் மருந்தை வைக்கலாம். புண்ணின் மேல் வைத்தால் ஜெல் ஈரத்தையும் காக்கும், மருந்தையும் சிறுகச் சிறுக விடும்.

அவள் குறிவைத்த கிருமிகள் மாத்திரை ஊசியெல்லாம் பார்த்துச் சலித்தவை. உள்ளே வரும் மருந்தை வந்த வழியே வெளியே தள்ளக் கற்றுக்கொண்டவை. அதனால் அவள் வலைக்குள் வைத்தது ஒரு சின்னஞ்சிறு புரதத் துணுக்கு. அது கதவைத் தட்டிக்கொண்டு நிற்காது. நேரே கிருமியின் சுவரில் ஓட்டை போடும்.*

(* அத்தான்: “அப்போ கன்னக்கோல் திருடன்னு சொல்லு.” அக்கா: “ஆமா. சம்பளம் குடுத்து வெச்சிருக்கிற திருடன்.”)

இதில் ஒரு தொல்லை உண்டு. முடிச்சுப் போட்ட ரசாயனம் கொஞ்சம் மிச்சப்பட்டு ஜெல்லுக்குள்ளேயே தங்கும். அது விஷம். கிருமியையும் கொல்லும், நம் தோலையும் அரிக்கும். ஆகவே ஜெல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் மறுபடி ஊறவைத்து, அது போகும்வரை கழுவ வேண்டும். கழுவக் கழுவ விஷம் போகும். கூடவே மருந்தும் போகும். பாதி மருந்து வடிகுழாயில் போவதைப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது. அவள் கழுவலைக் குறைத்தாள்.

(இந்த வாக்கியத்தைச் சிறியதாக வைத்திருக்கிறேன். அன்று அவளுக்கு அது சிறிய விஷயம்தான்.)

சோதனை இப்படி நடக்கும். தட்டு முழுக்கக் கிருமியைப் பூசி, அதன் மேல் சட்டைப் பொத்தான் அளவுக்கு வெட்டிய ஜெல் வில்லைகளை வைப்பார்கள். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி படர்ந்திருக்கும். மருந்து கசிந்த இடத்தில் மட்டும் வில்லையைச் சுற்றிக் கண்ணாடி போலத் தெளிந்த வட்டம் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தில்லாத வெறும் ஜெல் வில்லையையும் ஒரு தட்டில் வைப்பார்கள்.

வட்டத்தை அளப்பதற்கு அந்த லேபில் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தட்டில் எது இருக்கிறது என்பது அளப்பவருக்குத் தெரியக் கூடாது. அவளோடு வேலை செய்யும் ஒருத்தி தட்டுகளின் அடியில் லேபிளை ஒட்டி, மேலே காகிதத்தால் மூடி, இடம் மாற்றி வைப்பாள். எதையும் நம்பாதவள் என்பதால் அவளுக்குச் ‘சந்தேகம்’ என்றே பெயர். கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பாள்.

“ஆசைப்படுற கண்ணு ஸ்கேலை ஒரு மயிரிழை தள்ளி வைக்கும்,” என்பது சந்தேகத்தின் வேதம். “நீ ஆசைப்படுறவ. அதனால உனக்குச் சொல்ல மாட்டேன்.”

அந்த நாளும் அப்படித்தான் அளந்தார்கள். ஒரு தட்டில் பெரிய வட்டம். இன்னொன்றில் ஒன்றுமில்லை, கிருமி வில்லையின் விளிம்புவரை வந்து முட்டி நின்றது. லேபிளைத் திருப்பினார்கள். வட்டம் மருந்து ஜெல்லுடையது. முட்டி நின்றது வெறும் ஜெல்லில்.

லேபின் தலைவியை எல்லோரும் மேடம் என்பார்கள். மேடம் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இன்னொரு தடவை இதே மாதிரி வரட்டும்,” என்றார். “அப்புறம் எலிக்குப் போகலாம்.”

மேடத்தின் அகராதியில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

4

அதே வாரம் மருத்துவமனையில், கட்டு மாற்றும் அறையில், மருத்துவர் அத்தானின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புண்ணில் குடியேறிய கிருமி எந்த மருந்துக்கும் அசையவில்லை. அது போகாமல் புதுத் தோல் ஒட்டவைக்க முடியாது. நாள் தள்ளிப்போனால் மணிக்கட்டின் தசைநார் இறுகிவிடும். விரல்கள் முழுசாக மடங்காமல் போகலாம்.

அவளும் அத்தானும் பேருந்தில் வீடு திரும்பினார்கள். பிறகு சமையலறை மேசையில் அவர்தான் ஆரம்பித்தார்.

“டாக்டரம்மா, ஊருக்கெல்லாம் மருந்து செய்றே. வீட்டுக்காரனுக்கு ஒரு பொத்தான் கிடையாதா?”

“அது இன்னும் எலிக்கே போகலைங்க.”

“எலிக்கு அப்புறம்தான் நானா?”

“எலி. அப்புறம் பன்னி. அப்புறம் நல்லா ஆரோக்கியமா இருக்கிற ஆளுங்க. அப்புறம்தான் நீங்க.”

“வரிசை ரொம்ப நீளமா இருக்கே. அந்த எலிகிட்ட அவசரம்னு சொல்லிக் கொஞ்சம் முன்னாடி விடச் சொல்லேன்.”

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கீழே விழுந்த கரண்டியை எடுக்கக் குனிந்தாள். மேசைக்கடியில், யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், அவர் இடது கையை முஷ்டியாக மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் பாதி வழியில் நின்றன. மாவு பிசைகிற கை அது. அவள் கரண்டியை எடுத்துக் கழுவி வைத்தாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

5

இங்கே கதை இரண்டாகக் கிளைக்கிறது. கையில் வட்டம் வரைந்த ஜெல் இருக்கிறது, வீட்டில் மடங்காத விரல்கள் இருக்கின்றன. லேபின் விதி ஒரு பக்கம் இழுக்கிறது, வீடு இன்னொரு பக்கம் இழுக்கிறது. நான் ஆசைப்பட்டு எழுதிய பக்கம் இது:

‘மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின் அவள் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தாள். சிறு இடுக்கியால் ஒரே ஒரு வில்லையை எடுத்தாள். கழுவித் துடைத்த டிபன் டப்பாவின் மேல்தட்டில் அதை வைத்து மூடினாள். மூடி பொருந்திய சத்தம் அறை முழுக்கக் கேட்டது போலிருந்தது. பேருந்தில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்தவர் ‘சாப்பிடலையாம்மா?’ என்று கேட்டார்—’

இதை அக்காவிடம் கொடுத்துவிட்டு நான் பயந்துகொண்டே நின்றேன். ‘நான் அப்படிச் செய்வேனாடீ?’ என்று காகிதத்தைக் கிழிப்பாள் என்று நினைத்தேன். திட்டினால் என்ன சொல்வதென்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். இது கதைதானே அக்கா, இவள் நீ இல்லையே அக்கா.

அவள் நிதானமாக இரண்டு முறை படித்தாள்.

“டிபன் டப்பா தப்பு,” என்றாள். “ஐஸ் வேணும். வழியில சூடாச்சுன்னா அந்தப் புரதம் வீணாயிடும். வாயகன்ற ஃபிளாஸ்க்தான் சரி.”

பிறகு எழுந்து போய் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். குழாயை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே திறந்துவிட்டாள்.

(டப்பாவை அடித்துவிட்டு ஃபிளாஸ்க் என்று எழுதினேன். அந்தப் பக்கத்தில் அவள் வேறு எதையும் மாற்றச் சொல்லவில்லை.)

6

இந்தப் பகுதி அக்கா சொன்னபடி.

மேடம் கேட்ட இரண்டாம் முறைக்கு அவள் தயாரானபோது, சந்தேகம் தன் வேலையைக் காட்டினாளாம். “அந்த வெறும் ஜெல் எப்போ செஞ்சது?”

“பழசு. பெட்டியில இருந்துச்சு.”

“பழசுன்னா, நீ கழுவலைக் குறைக்கிறதுக்கு முன்னாடி செஞ்சதா?”

அவள் பெட்டியைத் திறந்து டப்பாவின் மேலிருந்த தேதியைப் பார்த்தாள்.

“அதே பாத்திரத்துல, அதே நாள்ல, அதே மாதிரி குறைச்சுக் கழுவி, மருந்து மட்டும் போடாம ஒண்ணு செய். அதுதான் ஒப்பிட வேண்டிய ஜெல், கன்ட்ரோல். இது வேற வீட்டுப் பொண்ணைக் கூட்டிவந்து நம்ம பொண்ணு அழகுன்னு சொல்ற மாதிரி.”

செய்தாள். சந்தேகம் லேபிள்களை மறைத்தாள். மறுநாள் தட்டுகளை எடுத்தபோது, எதில் மருந்து இருக்கிறதென்று அளந்து பார்த்தும் சொல்ல முடியவில்லை. எல்லாத் தட்டிலும் வட்டம் இருந்தது. ஒரே அளவு வட்டம். கழுவாமல் விட்ட விஷம் வரைந்த வட்டம்.

முதல் சோதனையில் கண் பொய் சொல்லவில்லை, ஸ்கேலும் பொய் சொல்லவில்லை. ஒப்பிட எடுத்த பழைய வில்லைதான் அவளைக் கவிழ்த்தது. அது நன்றாகக் கழுவிய வில்லை. அதனால்தான் அதைச் சுற்றி வட்டம் விழவில்லை.

அன்றைக்குத்தான் அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்குத்தான் நான் வெண்ணெய் ரொட்டி சாப்பிட்டேன்.

அடுத்த நாள் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து சொல்லிவிட்டாள். “போன தடவை காட்டின வட்டம் மருந்தோடது இல்லை மேடம். நான் கழுவலைக் குறைச்சதால வந்தது.”

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “யார் கண்டுபிடிச்சது?”

“நான்தான்.”

“தப்பு பண்ணினதும் நீ, பிடிச்சதும் நீ. திட்டறதா தட்டிக்குடுக்கறதான்னு எனக்குப் புரியலை.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “மருந்தைக் கழுவாதே. ஜெல்லை முதல்ல நல்லாக் கழுவிட்டு, அப்புறமா மருந்தை ஊறவெச்சு உள்ள ஏத்து. கொஞ்சம்தான் ஏறும். ஏறின வரைக்கும் நெஜம்,” என்றார்.*

(* எலிகள் அந்த வருடம் பிழைத்தன. அத்தான் அவற்றின் சார்பில் நன்றி சொன்னார்.)

7

கதையை இங்கே முடித்திருக்கலாம். ஒரு தப்பு நடந்தது, நேர்மையாக ஒப்புக்கொண்டாள், மறுபடி தொடங்கினாள். நல்ல பிள்ளைக் கதை. ‘அவள் சன்னலுக்கு வெளியே பார்த்தாள், ஏசி பெட்டிகளுக்கு மேலே வானம்—’ என்று கடைசி வரியைக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

அதற்குள் சந்தேகம் ரொட்டி வாங்க அத்தானின் பேக்கரிக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். கதையில் அவள் வருகிறாள் என்றும், கன்ட்ரோல் செய்யச் சொன்னது அவள்தான் என்று எழுதியிருப்பதாகவும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

“நானா?” என்றாள். “நான் சொல்லலையே.”

“அக்கா அப்படித்தானே சொன்னா.”

“நான் அப்போ ஊர்லயே இல்லை. லீவுல இருந்தேன். திரும்பி வந்து பார்த்தா தட்டெல்லாம் தயாரா இருந்துச்சு. ‘லேபிளை மறைச்சு வை, நான் அளக்கணும்’னா. ஸ்கேலைத் தலைகீழாப் பிடிச்சிருந்தா அவ.” ரொட்டிப் பொட்டலத்தைப் பைக்குள் போட்டாள். “சும்மா ஒரு பேச்சுக்கு என் பேரைச் சொல்லியிருப்பா. எழுதினபடியே இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு. அந்தப் பொண்ணு அழகு வசனம் நெஜமாவே என்னோடதுதான், வேற எப்பவோ சொன்னது.”

அப்படியானால், வட்டம் இவ்வளவு அழகாக வந்திருக்கும்போது, யாரும் கேட்காமலே, ஒருத்தி எதற்காகப் புதிதாக வெறும் ஜெல் செய்து பார்க்க வேண்டும்?

நான் யோசித்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒன்று, அவளுக்கே மனதில் உறுத்தியிருக்கலாம். நல்ல வேலைக்காரர்களுக்கு அப்படி உறுத்தும். வெறும் மன உறுத்தல் என்று சொல்லக் கூச்சப்பட்டு, சந்தேகத்தின் பெயரைச் சேர்த்துக்கொண்டிருக்கலாம். இன்னொன்று, அந்த ஜெல் தோலை அரிப்பதை அவள் வேறு எங்கேயோ தன் கண்ணால் பார்த்திருக்கலாம்.

8

அத்தானின் கை ஆறிவிட்டது. இதில் அக்காவின் ஜெல்லுக்குப் பங்கில்லை. மருத்துவமனையில் கடைசியாக ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அதற்குக் கிருமி அசைந்தது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். விரல்கள் இப்போது முக்கால்வாசி மடங்கும். “மீதிக் கால்வாசியை மாவே பார்த்துக்கும்,” என்கிறார்.

ஒட்டிய தோலின் ஓரத்தில், முழங்கைக்குச் சற்றுக் கீழே, ஒரு தழும்பு இருக்கிறது. மற்றத் தழும்புகள் எல்லாம் கோணல்மாணல். இது மட்டும் வட்டம். சட்டைப் பொத்தான் அளவு.

“அது என்ன அத்தான்?”

“பேக்கரித் தட்டோட கைப்பிடியில ஒரு குமிழ் இருக்கும். அது பட்டது.” உடனே சொன்னார். யோசிக்கவே இல்லை.

பேக்கரிக்குப் போய் அந்தத் தட்டைப் பார்த்தேன். கைப்பிடியில் குமிழ் இருந்தது. வட்டமாக, ஏறக்குறைய அதே அளவில். அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். அவளுக்காக யோசிக்காமல் பொய் சொல்லக்கூடிய மனிதரும் அவர்தான். என் பையில் ஸ்கேல் இருந்தது. எடுக்கவில்லை.

எடுக்காததற்குக் காரணம் சந்தேகத்தின் வேதம். ஆசைப்படுகிறவர் அளக்கக் கூடாது. எனக்கு ஒரு ஆசை இருக்கிறது. அது எந்தப் பக்கம் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்கள் கண்ணும் கெட்டுவிடும்.

9

நேற்று இதுவரை எழுதியதை அக்காவிடம் கொடுத்தேன். மதிய வெயில் சமையலறை மேசையில் விழுந்துகொண்டிருந்தது. அத்தான் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு எதிரே உட்கார்ந்து ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தார். அக்கா பக்கம் பக்கமாகத் திருப்பினாள். சந்தேகம் பேக்கரிக்கு வந்த பகுதியில் முகம் மாறுகிறதா என்று பார்த்தேன். மாறவில்லை. தழும்பு வரும் இடத்தில் அவள் விரல் நின்றது.

“‘பொத்தான் அளவு’ன்னு ரெண்டு இடத்துல எழுதியிருக்கே,” என்றாள். “பொத்தான்ல எத்தனையோ இருக்கு. அளவுன்னு எழுதினா எண் எழுதணும்.”

“எத்தனைன்னு எழுதட்டும்க்கா?”

“வில்லைக்கு ஆறு மில்லிமீட்டர். அது தெரியும்.”

“தழும்புக்கு?”

ரொட்டி அறுக்கும் சத்தம் நின்றது. அக்கா மேசைக்குக் குறுக்கே அவர் கையைப் பார்த்தாள். காலையிலிருந்து மாலைவரை வட்டங்களை அளப்பதே அவள் வேலை. செருப்பு வாங்கினாலும் ஸ்கேல் வைப்பவள்.

“தெரியாது,” என்றாள். “அதை மட்டும் நான் அளக்கலை.”

காகிதங்களைத் தட்டி ஒழுங்காக்கி என்னிடம் நீட்டினாள். அத்தான் மறுபடி ரொட்டியை அறுத்தார்; முதல் துண்டை அவள் பக்கம் தள்ளினார்.

காகிதங்கள் இப்போது உங்கள் கையில். தழும்பின் அடியில் இருக்கும் லேபிளை நான் மூடியே வைத்திருக்கிறேன். உங்களுக்கு அக்காவைத் தெரியாது, அத்தானின் ரொட்டியைத் தின்றதில்லை, இந்த வீட்டில் யார் மேலும் ஆசை கிடையாது. அளக்கத் தகுதியானவர் நீங்கள்தான். ஸ்கேலை எங்கே வைக்கிறீர்கள் என்று மட்டும் எனக்குச் சொல்லாதீர்கள்.